ஸ்லாவிய மக்களின் மழை வேண்டல் சடங்குகள்

கிழக்கு ஐரோப்பாவிலும் பால்கன் நாடுகளிலும் ஸ்லாவிய உழவர்கள் வறட்சிக் காலத்தில் செய்துவந்த சடங்குகளில் பெயர்பெற்றது செர்பியர்களின் ‘தோதோலா’; பல்கேரியர்களிடம் இது ‘பெப்பெருதா’. பெரும்பாலும் பெற்றோரை இழந்த ஒரு சிறுமியைத் தலைமுதல் கால்வரை இலைதழையால் மூடி, தோழியர் பாடிக்கொண்டே வீடுவீடாக அழைத்துச் செல்வர். வாசலில் அவள் சுழன்றாட, வீட்டுக்காரி குடத்து நீரை அவள் தலைமேல் கொட்டி, மாவோ முட்டையோ கொடுத்தனுப்புவாள். ருமேனியர், அல்பேனியர், கிரேக்கர் ஆகியோரிடமும் இதே சடங்கு உண்டு. மால்டேவியாவில் இது நடந்த விதத்தை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திமித்ரியே கந்தெமிர் எழுதிவைத்தார்.

இச்சடங்கை இடித்தெய்வமான பெரூனின் வழிபாட்டு எச்சமாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். பெரூன் பெருந்தெய்வம் என்பதில் ஐயமில்லை. ஸ்லாவியர் மின்னலைப் படைப்பவனையே அனைத்துக்கும் தலைவனாக வணங்கி மாடுகளைப் பலியிட்டதாக 6ஆம் நூற்றாண்டில் புரோக்கோப்பியஸ் குறித்தார். 980இல் இளவரசர் விளாதிமிர் கீவ் நகரில் நிறுவிய பெரூன் சிலைக்கு வெள்ளித் தலை, பொன் மீசை. 988இல் அதே விளாதிமிர் அதைக் குதிரை வாலில் கட்டி இழுக்கச் செய்து தினிப்பர் ஆற்றில் தள்ளினார். பெப்பெருதா வகைப் பெயர்களைப் பெரூனோடும், தோதோலாவை லிதுவேனிய இடித்தெய்வத்தின் மறுபெயரான ‘துந்துலிஸ்’ என்பதோடும் மொழியியலர் ரோமன் யாக்கப்சன் இணைத்தார். அறிஞர்களான இவானவும் தோப்பொரவும் அதை ஒரு முழுத் தொன்மமாக வளர்த்தெடுத்தனர்.

ஆனால் இந்த இணைப்புக்கு முதன்மை ஆதாரம் பெயரொலியே. தோதோலாப் பாடல்கள் பொதுவாகக் கடவுளைத்தான் வேண்டுகின்றன; பெரூனை அழைப்பதில்லை. பெரூனுக்குச் சிலை நின்ற கீவிலோ நோவ்கொரதிலோ இச்சடங்கு வேர்கொள்ளவில்லை. ஸ்லாவியர் அல்லாத ருமேனியரிடமும் கிரேக்கரிடமும் செழித்திருக்கிறது. திருச்சபைக்கு அஞ்சி மக்கள் பெரூனின் பெயரை மறைத்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. அஞ்சிய மக்கள் நீர் ஊற்றுவதை மட்டும் ஏன் நூற்றாண்டுக்கணக்கில் வெளிப்படையாகச் செய்தனர் என்பதற்கு அவ்வாதத்தில் விடையில்லை. இடியோசையைத் தீர்க்கதரிசி எலியாவின் தேர்முழக்கமாகக் கிழக்கு ஸ்லாவியர் கொண்டதையும் பெரூனுக்குச் சான்றாகக் காட்டுவர். நெருப்புத்தேரில் ஏறிச் சென்றவரும், மூன்றாண்டு வறட்சிக்குப்பின் மழையை வேண்டிப் பெற்றவரும் விவிலிய எலியாவேதான். அந்நம்பிக்கைக்கு விவிலியமே மூலமாக இருந்திருக்கலாம்.

மழை வேண்டல் சடங்குகளின் வேருக்கு இதைவிட உறுதியான தடம் கிணற்றடியிலும் கல்லறையிலும் இருக்கிறது. பெலாரஸ்-உக்ரைன் எல்லையிலுள்ள பொலேசியே சதுப்புநிலத்தில் நிக்கித்தா தல்ஸ்தோயும் ஸ்வெத்லானா தல்ஸ்தாயாவும் 1970களில் திரட்டிய செய்திகள் இதற்குச் சாட்சி. அங்கே பெண்கள் கிணற்றில் கசகசாவைத் தூவி, நீரைக் கழியால் அடித்து, மூழ்கிப்போன ‘மக்கார்க்கா’ என்னும் பிள்ளையைப் பெயர்சொல்லி அழைத்து, எழுந்துவந்து மண்ணில் கண்ணீர் சிந்தும்படி அழுது கேட்பார்கள். வற்றிய ஆற்றுப்படுகையை உழுவதும், தவளையைக் கொன்று புதைத்து ஒப்பாரி வைப்பதும் உண்டு. பல்கேரியப் பெண்கள் ‘கெர்மன்’ என்னும் களிமண் பொம்மையைப் பிணமாகக் கிடத்தி, அவன் வறட்சியால் மாண்டதாகச் சொல்லி அழுது புதைத்துவந்தனர். கண்ணீரும் கிணற்று நீரும் வானத்து நீரும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்னும் நம்பிக்கை இவை அனைத்திலும் பொதுவாக ஓடுகிறது. நீரில் மூழ்கியோ தூக்கிட்டோ இறந்தவர்களை மண் ஏற்பதில்லை, அவர்களைப் புதைத்தால் பருவம் கெடும் என்ற அச்சமும் பழையது. அத்தகைய பிணங்களைத் தோண்டியெடுக்க வேண்டாமென்று 13ஆம் நூற்றாண்டிலேயே விளாதிமிர் நகர ஆயர் செராப்பியோன் கண்டித்தார். 1916இல் திமித்ரி செலேனின் வெளியிட்ட ஆய்வு, இந்த அச்சம் ரஷ்ய ஊர்ப்புறங்களில் நீடித்ததை விரிவாகக் காட்டியது.

மழை வேண்டலில் ஸ்லாவிய உழவர்கள் பல இடங்களில் இறந்தோரையும் நிலத்தடி நீரையும் நாடினர். பெரூனின் பங்கு பின்னாளைய அறிஞர்கள் சேர்த்ததாகவே தோன்றுகிறது. இன்று தோதோலாவும் பெப்பெருதாவும் பெரும்பாலும் நாட்டுப்புறக் கலைவிழா மேடைகளில் ஆடப்படுகின்றன.