கம்பளமும் கோரைப்பாயும்

வீட்டுத் தரைக்கு விரிப்புத் தேடும்போது நாம் நிறத்தைப் பார்க்கிறோம். அது பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை. முடிச்சுக் கம்பளம் குளிர்நாட்டு உடைமை. அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய முழுக் கம்பளம் அல்தாய் மலைப் பனியில் உறைந்து கிடைத்தது. வயது ஏறத்தாழ 2400 ஆண்டுகள். பாரசீகத்தின் அர்தபீல் கம்பளமோ பட்டுப் பாவில் கம்பளி முடிச்சிட்டது. ஹிஜ்ரி 946 என்னும் ஆண்டு அதிலேயே நெய்யப்பட்டுள்ளது. கிலிமில் முடிச்சே இல்லை, பாவும் ஊடையும் மட்டுமே. ஆதலால் உதறுவது எளிது.

நம் மதரஸாவில் ஒருமுறை தடித்த கம்பளம் விரித்தோம். ஒரே மழைக்காலத்தில் ஈரவாடை ஏறிற்று, பிள்ளைகள் தும்மினர். பாய்க்குத் திரும்பினோம்.

பாய் எளியோரின் விரிப்பென்று நாணுவோர் உளர். நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில் தொழுதது, நெடுநாள் புழங்கிக் கறுத்த பாயில். அதன்மீது நீர் தெளித்துத் தந்ததாக அனஸ் அவர்களே அறிவிப்பது புகாரியில் உள்ளது.

பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பங்கள் தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டு நூலில் தலைமுறைகளாக நெய்கின்றன. நுண்ணிய பாயைத் துணிபோல் மடிக்கலாம். விலை சற்று மிகுதிதான். குளிரூட்டிய அறைக்குக் கிலிம் பொருந்தும். கூடத்திற்குப் பாயே போதும்.