சமயமும் ஆன்மிகமும்: மலைநாட்டிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர், லுணுகலையைச் சார்ந்த பாடசாலையொன்றிற் சைவநெறி கற்பித்துக்கொண்டிருந்த வேளையில், தோட்டத்து மாணவனொருவன் எழுந்து, “சேர், எங்க ரோதைமுனி புத்தகத்தில இல்லையே, அப்ப அது சமயம் இல்லையா?” என்று வினவினான். வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. யானும் ஏதோவொரு விடை கூறி அடுத்த பாடத்துக்குச் சென்றேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டகலவில்லை. எது சமயம்? எது சமயமன்று? அதனைத் தீர்மானிக்க உரிமையுடையோர் யாவர்? இக்கட்டுரை அம்மாணவனுக்குக் காலந்தாழ்த்திக் கூறும் விடையெனக் கொள்ளலாம்.

சமயம் என்னும் சொல் தமிழில் ஒரு நெறியையும் குறிக்கும். தக்க காலத்தையும் குறிக்கும். ஆன்மிகம் என்பதோ ஆன்மாவைப் பற்றியது என்னும் பொருளில் வடமொழிவழி வந்து, பிற்காலத்தே பெருவழக்குப் பெற்ற சொல். நம் முன்னோர் இவ்விரண்டினையும் எதிரெதிரே நிறுத்தி நோக்கினாரல்லர். சைவ சித்தாந்த நூல்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்களை வகுத்தன. திருக்கோயிலை அலகிட்டு மெழுகுதல் முதற் பாதத்தின்பாற்படும். இறைவனை உணர்ந்து அவனோடு ஒன்றுதல் இறுதிப் பாதத்தின் பயனாகும். இவை ஓர் ஏணியின் படிகளேயன்றி இருவேறு வீடுகள் அல்ல.

இக்காலத்திலோ, தமக்குச் சமயமில்லை, ஆன்மிகம் மட்டும் உண்டு எனக் கூறுவோர் கற்றோர் நடுவே பெருகியுள்ளனர். இக்கூற்றினை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தோருள் மேலைநாட்டு விக்கா நெறியினர் குறிப்பிடத்தக்கவர். எங்கோ பிறந்த அந்நெறிக்கும் நமக்கும் தொடர்பு யாது எனச் சிலர் வினவக்கூடும். அந்நெறியை உலகறியச் செய்தவர் தம் இளமையிற் பத்தாண்டுக்கு மேலாக நம் நாட்டுத் தோட்டங்களிலே வாழ்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. ஆதலின் அவரிடமிருந்தே தொடங்குவாம்.

விக்கா நெறியின் தோற்றம்

ஜெரால்ட் காட்னர் 1884ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரை அடுத்த ஊரொன்றில், மரவணிகத்தாற் செல்வமுற்ற குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே ஈளை நோயால் வருந்திய அவரை, வளர்த்த செவிலி வெப்ப நாடுகளுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அச்செவிலி இலங்கைத் தோட்டக்காரர் ஒருவரை மணந்தபோது, 1900ஆம் ஆண்டில் காட்னரும் உடன் வந்து, மஸ்கெலியாவிலுள்ள லட்புறூக் தோட்டத்திலே தேயிலைத் தொழில் பழகினார். பின்னர் இறப்பர்த் தோட்டத்திற் பணியாற்றி, 1911இல் போர்ணியோவுக்கும் அதன்பின் மலாயாவுக்கும் சென்றார். தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியோர் ‘இந்தியத் தமிழர்’ எனத் தனி இனமாக முதன்முதல் எண்ணப்பட்ட குடிசன மதிப்பும் அந்த 1911ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது.

1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய காட்னர், 1939இல் அந்நாட்டு வனப்பகுதியொன்றிற் பழைய சூனியக்காரியர் மரபினர் குழுவொன்றிலே தாம் தீக்கை பெற்றதாகக் கூறினார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின், 1954இல் ஒரு நூல் வெளியிட்டு அந்நெறியைப் பகிரங்கப்படுத்தினார். கிறித்தவத்துக்கு முந்திய தொல்சமயமே அது என்று அவர் நம்பினார். மார்கரெட் மறே என்னும் ஆய்வாளர் 1921இல் வெளியிட்ட கருத்தே அந்நம்பிக்கைக்கு ஆதாரமாயிருந்தது. பிற்கால வரலாற்றறிஞர், குறிப்பாக 1999இல் இதனை விரிவாக ஆராய்ந்த ரொனல்ட் ஹட்டன், விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவாகிய புதுநெறியே என நிறுவினர்.

அந்நெறியினர் ஆண் தெய்வத்தையும் பெண் தெய்வத்தையும் ஒருங்கே வணங்குவர். ஓராண்டில் எட்டுப் பருவ விழாக்களையும், முழுமதி நாட்களையும் கொண்டாடுவர். பிறர்க்குத் தீங்கு செய்யாமையே அவர்தம் முதன்மை அறம். தலைமைப் பீடமோ, யாவரையும் கட்டுப்படுத்தும் வேதநூலோ அவர்க்கில்லை. எனவே அவருட் பலர் பின்வருமாறு வேறுபாடு காண்பர்: முன்னோர் வகுத்த கொள்கையை ஏற்று, இடைநின்ற குருமார் வழியே இறைவனை அணுகுவது சமயம், இயற்கையிலும் தன்னுள்ளும் தெய்வத்தைத் தானே நேரிற் காண்பது ஆன்மிகம். முன்னது நம்பிக்கை, பின்னது அனுபவம் என்பது அவர் துணிபு. கேட்பதற்கு இனிய துணிபுதான். வரலாறு அதனை எவ்வாறு சோதித்தது என்பதை இனிக் காண்போம்.

பிரிவினையின் தடுமாற்றம்

காட்னரின் குழுவிலே தலைசிறந்து விளங்கியவர் டொறீன் வலியன்ற் என்னும் அம்மையார். வழிபாட்டுரைகள் பலவற்றை அழகுற எழுதியவர் அவரே. காட்னர் பத்திரிகை விளம்பரத்தை மிகுதியாக நாடுகின்றார் என அவரும் பிறரும் குறைகூறினர். அப்போது காட்னர், முன்னோர் வகுத்தவை எனச் சில சட்டங்களை எடுத்து நீட்டினார். அவை பழையவை அல்ல, புதியவை என ஐயுற்ற அம்மையார் 1957இற் குழுவை விட்டு நீங்கினார். நூல் வெளிவந்து மூன்றாண்டுகளுக்குள்ளே, சட்டமற்ற நெறிக்குச் சட்டம் பிறந்துவிட்டது!

அதன்பின் நிகழ்ந்தவை இன்னும் தெளிவானவை. மூன்று படியான தீக்கை, கையெழுத்திற் படியெடுத்துக் கொள்ளும் சடங்கு நூல், யார் யாரிடம் தீக்கை பெற்றார் என்னும் பரம்பரை ஆகியன நிலைத்தன. அமெரிக்காவில் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 1986இல் விக்காவும் ஒரு சமயமே என ஏற்றது. போரில் மடிந்த விக்கா நெறியினரின் கல்லறைகளில் அவர்தம் ஐங்கோண விண்மீன் குறியைப் பொறிக்க அந்நாட்டரசு 2007இல் இணங்கியது. சமயம் வேண்டாம் என்று கூறியோரின் வழித்தோன்றல்களே சமயமென்னும் பெயரை நீதிமன்றம் சென்று கேட்டுப் பெற்றனர். இதனை இகழ்ச்சியாகக் கூறுகின்றேனல்லேன். அடக்கம் செய்யவும், மணம் முடிக்கவும், மகவுக்குப் பெயரிடவும் மனிதனுக்கு ஒரு முறை வேண்டும். பலர் கூடிச் செய்யும் முறையே காலப்போக்கிற் சமயமாகின்றது.

இராமநாதனும் மேலைநாட்டு மாணவரும்

காட்னர் மஸ்கெலியாவில் வாழ்ந்த காலத்திலேயே கொழும்பில் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி நடந்தது. அலன் பெனற் என்னும் ஆங்கிலேயர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மைந்தர்க்கு ஆசிரியராயிருந்து, அவரிடம் யோகம் பயின்றார். 1901இல் பெனற்றும் அவர்தம் நண்பர் அலிஸ்ரர் குறோலியும் கண்டியிலே தங்கி யோகப் பயிற்சி செய்தனர். பெனற் பின்னர்ப் பர்மா சென்று பௌத்த துறவியானார். குறோலியின் எழுத்துக்கள் சில, பிற்காலத்திற் காட்னரின் சடங்கு நூலில் இடம்பெற்றன.

மேலைநாட்டார் இங்கிருந்து யோகத்தைத் தனியே பெயர்த்துச் சென்றனர். அதனைக் கற்பித்த இராமநாதனோ, 1907 முதல் 1912 வரை கொழும்புக் கொச்சிக்கடையிலே, தம் தந்தையார் அமைத்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் மீளக் கட்டுவித்துக் கொண்டிருந்தார்! யோகமும் கோயிலும் அவர்க்கு முரண்பட்டவை அல்ல. ஞானத்தை நாடிய அதே மனிதர், ஊரார் கூடி வணங்க ஓர் இடமும் வேண்டுமென்று எண்ணினார்.

வடலூரும் கொழும்புத்துறையும்

சாதி சமய வேறுபாடுகளைக் கடந்து நின்றவர் இராமலிங்க அடிகள் (1823–1874). அவரும் 1865இற் சன்மார்க்க சங்கத்தையும், 1867இற் பசித்தோர்க்கு உணவளிக்கும் தருமசாலையையும், 1872இற் சத்திய ஞான சபையையும் நிறுவினார். சபைக்கு வழிபாட்டு விதியும் வகுத்தார். தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. உள்ளத்தில் எழுந்த கருணை, அடுப்பும் அரிசியும் விதியுமாக வடிவுகொண்டமையாலன்றோ ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பசி தீர்க்கின்றது!

யாழ்ப்பாணத்துச் செல்லப்பா சுவாமிகள் நல்லூர்த் தேரடியிலே வாழ்ந்தார். கோயிலுக்கு உள்ளேயும் அன்று; கோயிலைவிட்டுத் தொலைவிலும் அன்று. அவர்தம் மாணாக்கர் யோகசுவாமிகள் (1872–1964) கொழும்புத்துறையிற் சிறு குடிலில் இருந்தார். பட்டமும் பீடமும் நாடவில்லை. எனினும் 1935இல் ‘சிவதொண்டன்’ இதழ் அவர்தம் அருளாணையால் வெளிவந்தது; 1953இல் யாழ்ப்பாணத்திற் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. பெற்ற அனுபவத்தைப் பிறர்க்கு ஈய விரும்புவோர் ஒரு கலத்தைத் தேடவே வேண்டியிருக்கின்றது என்பதற்கு இவை போதிய சான்று.

தோட்டத்து வழிபாடு

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோதும், 1869இற் கண்ட இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியபோதும், தமிழகத்திலிருந்து வந்த நம் மூதாதையர் நூல்களைக் கொண்டுவந்தாரல்லர். குருக்களை அழைத்து வந்தாரல்லர். மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் நெஞ்சிற் சுமந்து வந்தனர். மரத்தடியிலே ஒரு கல்லை நாட்டினர். மாசி மாதத்திற் கம்பம் ஊன்றிக் காமன் கூத்தாடினர். விடியலிற் பிரட்டுக்கு அழைத்த தப்பே திருவிழாவிற் கரகத்துக்கும் முழங்கியது. ஆள்பவன் குரலாக ஒலித்த தோற்கருவி, ஆண்டில் ஒருமுறையேனும் ஆடுபவன் குரலாயிற்று.

வந்த இடத்திற் புதுத் தெய்வங்களும் தோன்றின. தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் வெட்டும் கவ்வாத்துத் தொழில் தொடங்கும்போது கவ்வாத்துச்சாமிக்குப் படையல் இட்டனர். தொழிற்சாலையின் பெருஞ்சக்கரமாகிய ரோதை சுழல்கையிற் கை கால் இழவாதிருக்க ரோதைமுனியை வணங்கினர். எந்த ஆகமத்தில் இதற்கு விதி உண்டு? எவ்வாகமத்திலும் இல்லை. ஆயினும் இரும்புச் சக்கரத்தின் முன் நின்ற ஏழை, தன் அச்சத்தையும் நம்பிக்கையையும் தானே வடித்த தெய்வத்தின் முன் வைத்தான். இயற்கையிலும் தொழிலிலும் தெய்வத்தை நேரிற் காண்பதே ஆன்மிகம் எனின், அதனை விக்கா நெறியினர்க்கு முன்னரே நம் லயத்து மக்கள் கண்டனர். காட்னர் கொழுந்துத் தொழில் பழகிய மலைகளிலேயே அது நிகழ்ந்தது.

இவ்வழிபாட்டிற் குறையே இல்லை எனல் வேண்டா. முதல் மரியாதை கங்காணிக்கே உரியதாயிற்று. சாதி வேற்றுமையும் கோயில் வாயில்வரை வந்தது. ஆடும் சேவலும் பலியாயின. 1872இல் ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ எழுதிய ஆறுமுக நாவலர் இத்தகைய உயிர்ப்பலியையும் சிறுதெய்வ வழிபாட்டையும் வன்மையாகக் கண்டித்தார். பலியைப் பொறுத்தவரை அவர் கண்டனம் தக்கதே. எனினும் நூல் வழக்கில் இல்லாததெல்லாம் சமயமன்று என்னும் எண்ணம் நம் பாடப் புத்தகம்வரை நீண்டு, தோட்டத்துப் பிள்ளையைத் தன் தெய்வத்தின் பெயர் கூற நாணச் செய்தது. அந்நாணத்தைத் துடைப்பது ஆசிரியர் கடன்.

1948இற் குடியுரிமை இழந்த இம்மக்களின் எதிர்காலத்தை 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என எழுதினர். எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என ஒதுக்கினர். அவ்வாறு கப்பலேறிய உறவினரொருவர், முனியாண்டிக் கல்லடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு சென்றதாக என் பாட்டியார் கூறுவார். மந்திரம் அறியாத வழிபாடு எவ்வாறு பலிக்கும் என்று ஒருகால் அவரிடம் கேட்டேன். “நாம பேசுறது சாமிக்கு வெளங்காதா?” என்று திருப்பிக் கேட்டார்.

கதிர்காமத்தின் மௌனம்

பாட்டியாரின் விடைக்கு ஊவா மாகாணத்திலேயே பெருஞ்சான்று உண்டு. கதிர்காமத்திலே கப்புறாளைமார் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை புரிகின்றனர். மூலத்தானத்தைத் திரை மறைக்கின்றது. விழாக் காலத்தில் யானைமீது பேழையிற் செல்வது யந்திரமே. அருணகிரிநாதர் பாடிய அத்தலத்தில் வேடர், சிங்களவர், தமிழர் யாவரும் உரிமை கொண்டாடுவர். அருகே பள்ளிவாசலும் உண்டு. வெல்லவாய, புத்தல வழியே நம் தோட்டத்து மக்களும் காவடியுடன் செல்கின்றனர். அங்கே சமயத்தின் ஒழுங்கு முழுமையாக இருக்கின்றது; உட்பொருளை உரைக்கும் சொல் மட்டும் இல்லை. அதனை அவரவர் உள்ளமே நிரப்பிக்கொள்கின்றது.

முடிவுரை

சமயம் வேறு, ஆன்மிகம் வேறு எனப் பிரிப்பது ஆராய்ச்சிக்கு உதவலாம். வாழ்க்கையில் அவை தனித்து நெடுங்காலம் நிற்கவில்லை. சமயத்தை விடுத்து ஆன்மிகம் மட்டும் கொள்வோம் என்றவர் ஒரு தலைமுறைக்குள் விதியும் பரம்பரையும் வகுத்தனர். சமயமே அறியாதவர் என இகழப்பட்டவர், மரத்தடிக் கல்லின் முன் இறைவனோடு நேரிற் பேசினர். ஆதலால் ஒரு வழிபாட்டை நோக்கி நாம் கேட்கத்தக்க கேள்வி, அது நூலில் உண்டா என்பதன்று. அதிற் கூடியவர்க்கு அது உயிருள்ளதா, எவரையும் தாழ்த்தாது தாங்குகின்றதா என்பதேயாம்.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்மையிற் கோபுரத்தோடு கூடிய அழகிய கோயில் எழுந்துள்ளது. குடமுழுக்கும் முறைப்படி நடந்தது, மகிழத்தக்கதே. ஆனால் நூறாண்டு வணங்கிய பழைய முனியாண்டிக் கல், மதிலுக்கு வெளியே காட்டு மரத்தடியில் எண்ணெயின்றிக் கிடக்கின்றது. அதனை உள்ளே ஒரு மூலையிலேனும் அமைத்தல் தகும் என ஊர்ப் பெரியோரிடம் விண்ணப்பித்துள்ளேன். அன்று வினவிய மாணவனை மீண்டும் காண்பேனாயின், “தம்பி, புத்தகத்தில் இல்லாதது புத்தகத்தின் குறை, உன் தெய்வத்தின் குறையன்று” என்று கூறுவேன்.