பழவேற்காட்டில் டச்சு மொழி

சோழமண்டலக் கரையில் டச்சு மொழி நெடுங்காலம் வழங்கிய ஊர்களில் முதன்மையானது பழவேற்காடு. எண்ணூருக்கு வடக்கே, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியுள்ள இவ்வூரைப் பக்கிங்காம் கால்வாய் எண்ணூரோடும் சென்னையோடும் இணைக்கிறது. விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதி பெற்று 1610இல் ஒல்லாந்தர் இங்கே பண்டகசாலை வைத்தனர். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இக்கரையின் டச்சுத் தலைமையிடம் இதுவே.

துணிக் கொள்முதல் கணக்கு, பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) எழுதிய கடிதம், கல்லறை வாசகம் என எழுத்தில் பதிந்தவை பெரும்பாலும் டச்சுதான். பேச்சோ வேறு வழியில் போயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வந்த போர்த்துக்கீசியம் துறைமுகங்களின் பொதுமொழியாக வேரூன்றியிருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் பலர் மணந்ததும் போர்த்துக்கீசியக் கலப்புக் குடும்பப் பெண்களையே. ஆகவே வீட்டுக்குள்ளும் அம்மொழியே நின்றது. இதற்கு நல்ல சான்று, 1632 முதல் பத்தாண்டுகள் இங்கு மதகுருவாக இருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ். இந்து சமயத்தைப் பற்றி அவர் டச்சில் எழுதிய நூல் 1651இல் லைடனில் அச்சானது. அதில் உள்ள பர்த்ருஹரியின் பாடல்களைப் பத்மநாபன் என்ற பிராமணர் முதலில் போர்த்துக்கீசியத்தில் எடுத்துரைத்தார்; அதன் பிறகே அவை டச்சுக்கு வந்தன.

காஷ்மீரி மொழியின் நிலை இதற்கு நேர்மாறு. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 68 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகக் குறித்தனர். பெரும்பாலோர் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். ஆனால் அலுவலகங்களில் பாரசீகமும் பின்னர் உருதுவும் கோலோச்சின. காஷ்மீரி ஆட்சிமொழிகளுள் ஒன்றானது 2020இல்தான். அங்கே வாயில் வாழ்ந்த மொழிக்கு அலுவலகம் கிடைக்கவில்லை; பழவேற்காட்டில் அலுவலகத்தில் ஆண்ட மொழிக்குத் தெரு கிடைக்கவில்லை.

1781இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தனர். இடையில் ஒல்லாந்தருக்குத் திரும்பக் கிடைத்தும் நிலைக்கவில்லை. 1824 உடன்படிக்கைப்படி 1825இல் அது முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இடிந்து போனது. தொல்லியல் துறை பாதுகாக்கும் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் டச்சு வாசகங்களைக் காணலாம்.

தமிழில் தங்கிய டச்சுச் சொற்கள் சிலவே. ராயபுரத்துப் பேச்சிலும் கேட்கும் ‘துட்டு’, டச்சுச் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பது தமிழ் லெக்சிகன் தரும் விளக்கம். ‘கக்கூசு’ம் அவ்வழி வந்ததே. ஒல்லாந்தர் 1658 முதல் ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆண்ட யாழ்ப்பாணத்தில் இச்செல்வாக்கு இன்னும் கூடுதல்: அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும் பீன்சைப் ‘போஞ்சி’ என்பதும் இலங்கைத் தமிழர் வழக்கு. பழவேற்காட்டு மக்கள் இன்று பேசுவது தமிழும் தெலுங்கும்.