கடைசிப் பெட்டி

அமெரிக்கச் சரக்குப் புகையிரதமொன்றின் வாலில் 'கபூஸ்' பெட்டியை இன்று காண்பது அபூர்வம். நமது கார்ட் பெட்டிக்கு உறவுடையது அது. நடத்துநரும் பிரேக் பணியாளரும் அதிலேயே சமைத்து, உறங்கி, கூரைமீதுள்ள கண்ணாடிக் கூண்டிலிருந்து முன்செல்லும் பெட்டிகளைக் கண்காணித்தனர். சூடேறிப் புகையும் சில்லச்சைக் கண்டறிந்தோர் அவர்களே.

1980களில் அப்பணியைக் கடைசிப் பெட்டியில் மாட்டப்படும் மின்னணுக் கருவியும், பாதையோர வெப்ப உணரிகளும் ஏற்றுக்கொண்டன. 1982இல் தொழிற்சங்கம் இணங்கியது. கபூஸைக் கட்டாயமாக்கிய 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை வர்ஜீனியா மாநிலம் 1988இல் நீக்கியது. பலரது வேலையும் அத்துடன் போயிற்று.

எஞ்சிய சில, வண்டி நெடுந்தூரம் பின்னோக்கிச் செல்லவேண்டிய கிளைப்பாதைகளில் இன்னமும் ஓடுகின்றன. அங்கே வாலே தலையாகிறது. கருவி வெப்பத்தை அளக்கும். தண்டவாளத்தில் நிற்கும் குழந்தையைக் காண மனிதக் கண்ணே வேண்டும்.