ஆமை, முயல், கண்ட்ரோல் பேனல்

பி.காம். சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டரில் வால்பேப்பர் மாற்றவே எனக்குப் பயம். எதையாவது தொட்டு ஏதாவது அழிந்துவிட்டால்?

ஒரு காலத்தில் இந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 1980களின் டாஸ் கணினிகளில் பல செட்டிங்குகளை மாற்ற, கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பில் ஆங்கில வரிகளை நாமே எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அந்த வரி வீண். சரியாக எழுதினோமா என்பதும் கணினியை மறுபடி துவக்கினால்தான் தெரியும்!

1984 ஜனவரியில் ஆப்பிளின் மேக்கின்டோஷ் வந்தது. அதன் கண்ட்ரோல் பேனல் ஒரே ஒரு சின்ன ஜன்னல். வடிவமைத்தவர் சூசன் கேர் என்ற ஓவியர். வார்த்தைகளைக் குறைத்துப் படங்களை வைத்தார். விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்ப விழ வேண்டும்? மெதுவாக என்றால் ஆமை, வேகமாக என்றால் முயல்! ஒலிக்கு 0 முதல் 7 வரை நகரும் ஒரு குமிழ்.

எனக்கு மிகவும் பிடித்தது திரையின் பின்னணிதான். 8க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம். புள்ளியைக் கிளிக் செய்தால் கறுப்பு, மறுபடி செய்தால் வெள்ளை. நம் வீட்டுப் புள்ளிக் கோலம் மாதிரி. பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு வேறு போடலாம்.