முதுமை மறதிநோய்: உதவி செய்யவும் பயிற்சி வேண்டுமா?

தாத்தா 10 நிமிடமாகச் சட்டைப் பொத்தானோடு போராடுகிறார்.

"விடுங்க தாத்தா, நானே போட்டுவிடறேன்!"

நீங்களும் இப்படிச் சொல்லியிருக்கலாம். அன்பில் சொல்வதுதான். ஆனால் தினமும் அப்படியே நடந்தால், பொத்தான் போடும் பழக்கமே அவரிடமிருந்து சீக்கிரம் போய்விடக்கூடும்.

தாதிமை இல்லங்களிலும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களிலும் வேலை செய்வோருக்குப் பயிற்சி தேவைப்படுவது அதனால்தான்.

சிங்கப்பூரில் நிலவரம் என்ன?

மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 11 பேரில் ஒருவருக்கு முதுமை மறதிநோய் உள்ளது.

எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால் என்ன தப்பு?

நோயால் போகும் திறன் ஒரு பக்கம். பயன்படுத்தாமலேயே போகும் திறன் இன்னொரு பக்கம். இரண்டாவதைத் தள்ளிப்போட முடியும்.

ஒருவரால் முடிந்ததைச் செய்யவிடாமல் தடுப்பதும், அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் அவசரப்படுத்துவதும், நல்லெண்ணத்தோடு செய்தாலும் அவரைப் பாதிக்கும். பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட் 1997இல் வெளிவந்த தமது நூலில் இதை விளக்கினார்.

காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகலாம். ஆனால் துணி மடிப்பது, பூக்கட்டுவது போன்ற பல்லாண்டுப் பழக்கம் கையில் தங்கியிருக்கும்.

பயிற்சியில் என்ன கற்கலாம்?

• முதலில் காத்திருப்பது. பதில் வரச் சற்று நேரம் ஆகும்.

• ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வது. "குளிச்சிட்டு, உடுத்திட்டு, சாப்பிட வாங்க" என்றால் குழப்பம்தான். "சட்டையை எடுங்க" போதும்.

• உதவியைப் படிப்படியாகக் கூட்டுவது. முதலில் சொல்லிப் பார்ப்பது, பிறகு சைகை, பிறகு செய்து காட்டுவது, அப்புறம் கைபிடித்து உதவுவது. முழுவதும் செய்து கொடுப்பது கடைசி வழி.

• சூழலை மாற்றுவது. துணிகளை உடுத்தும் வரிசையில் எடுத்து வைக்கலாம். வெள்ளைச் சோற்றுக்கு வண்ணத் தட்டு வைத்தால் உணவு தெளிவாகத் தெரியும்.

• அவருடைய மொழியில் சில சொற்களையாவது பேசுவது. நோய் முற்றும்போது சிலர் தாய்மொழிக்கே திரும்புகின்றனர். வெளிநாட்டு ஊழியர் "வாங்க", "தண்ணி வேணுமா?" என்று கேட்டாலே முகம் மலரும்.

இதற்கெல்லாம் நேரம் இருக்குமா?

சிரமம்தான். ஓர் ஊழியர் பலரைக் கவனிக்க வேண்டியிருக்கும். அதனால் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. ஒருவருக்கு ஒரு வேலை என்று தொடங்கலாம். ஆனால் காலை ஷிஃப்டில் அவரே செய்ததை மாலை ஷிஃப்டில் வேறொருவர் செய்து கொடுத்தால் பலனில்லை. அவரால் எது முடியும் என்பதை எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைப்பது முக்கியம்.

அப்படியென்றால் தனியாக விட்டுவிடலாமா?

கூடாது. வெந்நீர், அடுப்பு, மருந்து போன்றவற்றில் மேற்பார்வை அவசியம். நேற்று முடிந்தது இன்று முடியாமல் போகலாம். அவர் களைத்துவிட்டால், எரிச்சலடைந்தால் உடனே கைகொடுக்க வேண்டும்.

அடுத்த முறை தாத்தா பொத்தானோடு போராடும்போது முதல் பொத்தானை மட்டும் நீங்கள் போட்டுவிடுங்கள். மிச்சத்துக்குக் கொஞ்சம் காத்திருங்கள்.