கட்டிய கைக்குப் படம் சொந்தமா?



தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950, 1960ஆம் ஆண்டுகளில் பால்மரத்தை விட்டுப் பட்டணம் போன நம்மவர்களில் சிலர் கட்டட வேலையில் இறங்கினார்கள். இன்றும் நம் பிள்ளைகளில் சிலர் சாயம் பூசுவதிலும், ஓடு பதிப்பதிலும், இரும்புக் கதவு அடிப்பதிலும் சிறு குத்தகைக்காரர்களாக இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் பட்டமோ சான்றிதழோ இல்லை. முடித்த வேலையின் படந்தான் அவர்களுக்குச் சான்றிதழ். அப்படியிருக்க, "என் வீட்டுப் படத்தை நீ எப்படி ஊருக்குக் காட்டலாம்?" என்று வீட்டுக்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருப்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். லண்டனில் 1851இல் எழுந்த பளிங்கு மாளிகையைப் பிரித்து, சிடன்ஹாம் என்ற இடத்தில் மீண்டும் கட்டியபோது, அவ்வேலை வளர்ந்த விதத்தை டெலமோட் என்பவர் படம் பிடித்து வைத்தார். கட்டும் வேலைக்குப் படமும் சாட்சியாகலாம் என்பதை அப்படங்கள் காட்டின.

அப்படியானால் படம் யாருக்குச் சொந்தம்? 1862இல் வந்த சட்டம் புகைப்படத்துக்கும் பதிப்புரிமை தந்தது. ஆனால் கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அந்த உரிமை போகும் என்றது. எடுத்தவர் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பினால், அதை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

1888இல் ஒரு வழக்கு வந்தது. பொல்லார்ட் என்ற அம்மையார் ஒரு கடையில் பணம் கொடுத்துத் தம் படத்தை எடுத்துக்கொண்டார். கடைக்காரரோ அதைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக்கிக் கடைக் கண்ணாடியில் வைத்துவிட்டார். "நெகட்டிவ் என்னுடையது" என்ற அவரது வாதம் எடுபடவில்லை. வாடிக்கையாளருக்குப் படி எடுத்துக் கொடுக்கவே அந்த நெகட்டிவ் என்பது வாயால் சொல்லாவிட்டாலும் இருவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் என்றார் நீதிபதி நார்த். தம் கையால் செய்த வேலைதான். ஆனாலும் அதைக் காட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பது அன்று உறுதியாயிற்று.

அதே வேளையில், 1911ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வாசலைத் திறந்தது. கலையழகுள்ள கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடுவது அதை வரைந்தவரின் உரிமையை மீறுவதாகாது என்றது.

மலேசியா 1969இல் தன் சொந்தப் பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன் இடத்துக்கு வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் நிலையாக நிற்கும் கலைப்படைப்பின் படத்தைப் படியெடுத்துப் பரப்ப அச்சட்டம் இடம் தருகிறது; கட்டடமும் அதில் அடங்கும்.

படத்தின் உரிமையையும் அது தெளிவாக்குகிறது. குத்தகைக்காரர் தாமே, தமக்காக எடுத்த படம் அவருடையது. வீட்டுக்காரர் பணம் கொடுத்து ஒருவரை வைத்து எடுத்த படம் வீட்டுக்காரருடையது. முதலாளிக்காக வேலை நேரத்தில் தொழிலாளி எடுத்த படம் முதலாளியுடையது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த ஒப்பந்தமே செல்லும். சிங்கப்பூரிலோ 2021ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றிவிட்டது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலிக்கு எடுத்தாலும் உரிமை எடுத்தவருக்கே.

எனவே நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. சாலையிலிருந்து தெரியும் வேலையை நாமே படம் எடுத்துக் காட்டலாம். சமையலறை, படுக்கையறை போன்ற உள்வேலையானால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். நம்பி உள்ளே விட்டவரின் நம்பிக்கை பெரிது. பெரிய குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்திருந்தால், சுவர் மட்டும் பூசியவர் வீடு முழுவதையும் தாம் கட்டியதாகக் காட்டக் கூடாது.

வேலை தொடங்குமுன் எழுதும் தாளில், "முடிந்த வேலையைப் படம் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டச் சம்மதம்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். எழுத்தில் வாங்கிக்கொள் என்று 1862இலேயே சட்டம் சொல்லிவிட்டது. அன்று புகைப்படக்காரருக்குச் சொன்னது இன்று நம் பிள்ளைகளின் பிழைப்பையும் காக்கும்.